கிளை நூலகத்துக்குப் போகிற பிள்ளைகள்



நூலக அறிவியல் படித்த பிள்ளை, "எங்க ஊர் கிளை நூலகத்தில் வேலை பார்க்கணும்" என்றால் வீட்டில் முகம் வாடிவிடுகிறது. பல்கலைக்கழக நூலகம் என்றால் மட்டும் பெருமை. அப்படி ஆசைப்படும் பிள்ளை ஒருவர் இந்தப் பட்டமளிப்பு அரங்கில் இருந்தாலும் போதும், இந்த உரை அவருக்குத்தான்.

நூலக வேலையை விட்டு ஓடத் துடித்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. வந்த சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பத் துடித்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். எளிய மக்களும் உரிமையோடு புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டதும் மனம் மாறியது. 1925இல் திரும்பியவர் மறுபடி கல்லூரி வேலையைத் தேடிப் போகவில்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக்கியது 1931இல். அதே ஆண்டு மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல் புத்தகமே கிராமத்துக்குப் போனது.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். இன்றும் தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரி சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. டீக்கடைக்காரர் தன் வீட்டுக்குக் கட்டும் வரியிலும் நூலகத்தின் பங்கு இருக்கிறது. அவர் உள்ளே வரத் தயங்கினால், அழைத்து உட்கார வைப்பது நூலகரின் கடமை.

கிளை நூலகத்தின் காலைப் பொழுதைப் பாருங்கள். கதவு திறக்கும் முன்பே பென்ஷன்காரர்கள் நாளிதழுக்கு நிற்பார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பெண் தன் புத்தகத்தோடு வருவார்; அவருக்கு வேண்டியது மேசையும் மின்விசிறியும் சத்தமில்லாத நாலு மணி நேரமும். உங்கள் முன் நிற்கும் இந்த நூலகரும் கல்லூரி நாட்களில் அப்படி ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தவர்தான். விடுதி அறையில் இடம் இல்லாதவர்களுக்கு அந்த மேசை எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லி மாளாது.

ஊர்ப்புற நூலகத்தில் சம்பளம் பெரிதல்ல, கட்டடம் ஒழுகலாம். அதை மறைத்து யாரையும் அனுப்பக் கூடாது. ஆனாலும் போகிறவர் முதல் வாரம் பதிவேட்டை மட்டும் பார்க்காமல், புத்தகங்களில் ஒட்டிய தேதிச் சீட்டுகளைப் புரட்ட வேண்டும். பல ஆண்டுகளாக முத்திரை விழாத நல்ல புத்தகங்களை வாசலருகே மேசையில் அடுக்கி வைக்கட்டும். யார் கையில் எடுக்கிறார்கள் என்று கவனித்து, அவரிடம் பேச்சுக் கொடுக்கட்டும்.