உத்தியோகமும் நுழைவுப் பரீட்சையும்



காலபோக அறுவடை முடிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் கிளிநொச்சியிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். வங்கியொன்றிலே விவசாயக் கடன்களைக் கவனிக்கும் உத்தியோகத்தர் அவர். 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளம் முகாமில் இருந்தவாறே உயர்தரப் பரீட்சை எழுதியவர். பின்னர் வவுனியாவில் வணிகம் பயின்று பட்டம் பெற்றவர். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஐயா, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார்.

வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்துக்காக வெளிநாட்டுக் கல்லூரியொன்றிற் சேர விரும்பி, ஜீமற் என்னும் நுழைவுப் பரீட்சையை அவர் ஒருமுறை எழுதியிருந்தார். கிடைத்த புள்ளி போதவில்லை. உத்தியோகமே தம் படிப்புக்குப் பகை என்று அவர் முடிவுசெய்துவிட்டார். வீட்டிலோ நோயாளியான தாயார், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். சம்பளம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

"தம்பி, வேலையை விடுவது இருக்கட்டும். நீர் எப்படிப் படித்தீர் என்பதை முதலிற் சொல்லும்" என்றேன்.

சொன்னார். இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்து ஒரு மணிவரை விழித்திருப்பாராம். பத்து நாள் அவ்வாறு நடக்கும், பின்பு கடன் விண்ணப்பங்கள் குவியும், புத்தகம் மூடப்படும். கடைசி இரு வாரம் விடுமுறை எடுத்து எல்லாவற்றையும் ஒருங்கே விழுங்கியிருக்கிறார். இரவுப் பேருந்திற் கொழும்புக்குச் சென்று, மறுநாட் காலையே உறங்காத கண்களுடன் பரீட்சை மண்டபத்துள் நுழைந்திருக்கிறார்.

நேயர்களே, பிழை உத்தியோகத்தில் இல்லை. இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் செய்பவர் என்ன செய்கின்றனர்? விதைப்புக்கு முன்னரே கூட்டம் கூடி, குளத்தில் எவ்வளவு நீர் உண்டு என்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கின்றனர். நீரை அளவாமல் விதைத்தவன் கதிர் வரும் பருவத்திலே வானத்தைப் பார்த்து நிற்பான். உழைத்துக்கொண்டு படிப்பவருக்கு நேரமே குளத்து நீர்.

இது எனக்கு அனுபவத்தால் வந்த பாடம். 1990களில் வன்னியிலே தொண்டர் ஆசிரியராக இருந்துகொண்டு வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அருமையிலும் அருமை. ஜாம் போத்தல் விளக்கில் அன்றைக்கென ஊற்றிய எண்ணெய் தீர்ந்தால் படிப்பும் தீர்ந்தது. அந்த அளவே என்னை ஒழுங்குபடுத்தியது. எனக்கு முன்னரும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு இந்நாட்டின் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் உத்தியோகம் பார்த்தபடியே படித்துச் சித்தியடைந்திருக்கின்றனர். புதுவழி எதையும் அவருக்கு நான் காட்டவில்லை.

இனிப் பரீட்சையைப் பார்ப்போம். 1954இல் அமெரிக்காவிலே தொடங்கிய இப்பரீட்சை 2023 நவம்பரிற் புதிய வடிவம் பெற்றது. கணிதம், ஆங்கில வாசிப்பும் தருக்கமும், தரவுகளை ஆராய்தல் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 வினாக்கள். வினா ஒன்றுக்குச் சற்றேறக்குறைய இரண்டு நிமிடமே உண்டு. மனனம் செய்தவனுக்கு இங்கே பெரும்பயன் இல்லை. நிதானித்துச் சிந்திப்பவனுக்கே வெற்றி.

அதில் ஒருவகை வினா விடையைக் கேட்பதே இல்லை. விடை காண்பதற்குத் தரவு போதுமா என்றே கேட்கிறது. ஒரு விவசாயி எத்தனை மூடை நெல் விற்றார் என்பது வினாவென்க. அவர் பெற்ற மொத்தப் பணம் இவ்வளவு என்பது ஒரு கூற்று. மூடை ஒன்றின் விலை இவ்வளவு என்பது மற்றொன்று. தனித்தனியே இரண்டும் போதா, சேர்ந்தாற் போதும். இதைக் கூறிவிட்டு, "தம்பி, கடன் கேட்டு வருபவரின் பத்திரங்களைப் புரட்டும்போது நீர் நாள்தோறும் செய்வது இதுதானே?" என்று கேட்டேன். அவர் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றியது.

அன்றிரவே ஒரு கணக்குப் போட்டோம். வாரத்தில் ஐந்து நாள், வீடு விழிக்குமுன் விடியற்காலையில் ஒரு மணிநேரம்; ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம், அதுவும் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு. வாரத்துக்கு எட்டு மணிநேரம். பதினாறு வாரத்தில் 128 மணிநேரம். தவறிய வினாக்களுக்கெனத் தனிக்கொப்பி ஒன்று. தவறு அறியாமையால் வந்ததா, அவசரத்தால் வந்ததா என்று அதில் எழுதவேண்டும். ஆங்கிலப் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தை மதிய உணவு வேளையில் வாசிக்கவேண்டும். கடன் வேலை நெருக்கும் வாரங்களிற் பாதி நேரம் போதும். ஆனால் ஒருநாளும் முற்றாக நிறுத்தலாகாது. பரீட்சைக்கு முதல்நாளே கொழும்பை அடைந்து நன்றாக உறங்கவேண்டும்.

அவர் வேலையை விடவில்லை. இரண்டாம் முறை எழுதுவதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. புள்ளி எப்படி அமையுமோ, சொல்வதற்கில்லை. ஆனால் அண்மையில் வந்தபோது அவர் கூறியது மனத்தில் நிற்கிறது: "ஐயா, இப்போது கடன் விண்ணப்பங்களை முன்னிலும் கவனமாகப் பார்க்கிறேன். போதிய தரவு இல்லையென்றால் ஒருவரைத் திருப்பி அனுப்புவதில்லை. எது குறைகிறது என்று சொல்லி அனுப்புகிறேன்."

முகாமிலே பரீட்சை எழுதிய தலைமுறைக்குக் காலம் கடந்துவிட்டது என்று எவரேனும் எண்ணினால், அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: உள்ள நீரை அளந்து விதையுங்கள்.