மலைத்தோட்டத்தில் வீடும் வேலையும்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி, பூப்பாறையைக் கடந்து, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சென்று, நெடுஞ்சாலையை விட்டுச் சின்னக்கானல் வழியாகத் திரும்பினால் சூரியநெல்லி என்னும் சிற்றூரை அடையலாம். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில், சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்த ஊர் அது. ஆயினும் அதன் கடைத்தெருவில் நின்று செவிமடுப்பவருக்குத் தேனி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் பேச்சே காதில் விழும். 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளி வந்த தமிழரும் அங்கேயே நின்றனர். பிற மாநிலங்களில் வாழும் உங்களுக்கு அவர்களுடைய கதை அந்நியமாகத் தோன்றாது என்று எண்ணுகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். திட்ட அறிக்கைகளைத் தமிழாக்குவது என் அன்றாடத் தொழில். அவ்வறிக்கைகளில் ‘வீட்டு வசதி’ ஓர் அத்தியாயமாகவும் ‘வேலைவாய்ப்பு’ வேறோர் அத்தியாயமாகவும் வரும். இரண்டுக்கும் நடுவே நூறு பக்கங்கள் இருப்பதும் உண்டு. நகரத்துக்கு இப்பகுப்பு பொருந்தலாம். தேயிலைத் தோட்டத்துக்கு இது பொருந்தாது. அங்கே வீடும் வேலையும் ஒரே கயிற்றின் இரு நுனிகள். ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழ்ந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அது என்பர் சிலர். குதிரை கட்டும் லாயத்தின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது என்பர் வேறு சிலர். தொழிலாளருக்கு வீடு கொடுப்பது தோட்ட முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமும் அக்கடமையை விட்டுவிடவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வீடு வேலைக்கு உரியதேயன்றி வேலை செய்பவருக்கு உரியதன்று. பணி முடியும் நாளில் வீட்டின் மீதுள்ள உரிமையும் முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பக்கம் சென்றிருந்தபோது, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஓர் அம்மையார் என்னிடம் கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை. “தம்பி, முப்பத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் விளக்கேற்றியிருக்கிறேன். கணக்கு முடித்துப் பணம் வாங்க வேண்டுமானால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். மகள் பேர் பதிந்தால் வீடு நிலைக்கும். அவளோ நர்சு படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் அவளுக்கு என்ன சொல்ல?” என்றார். மகளுடைய படிப்பா, குடும்பத்தின் கூரையா என்று ஒரு தாய் தராசு பிடிக்க நேர்வது எத்துணைக் கொடுமை! வீட்டையும் வேலையையும் தனித்தனியே எண்ணுவதால் விளைவது இது.

இதற்கு உள்ளூர் ஊராட்சி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 1993-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிட்டது. கிராமப்புற வீட்டு வசதியும் வறுமை ஒழிப்பும் சிறு தொழில்களும் அவற்றுள் அடங்கும். கேரளம் இவ்வகையில் முன்னோடியாயிற்று. 1996-ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்க முடிவு செய்யப்பட்டது. வார்டு வாக்காளர் அனைவரும் உறுப்பினராகிய கிராம சபை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். பயனாளிகளின் பட்டியல் பேசப்படும் இடம் அச்சபையே.

ஆகவே அதிகாரம் உண்டு, மேடையும் உண்டு. குறை கணக்கெடுப்பில் இருக்கிறது. நிலமும் வீடும் அற்றோருக்கு வீடு வழங்க 2016-ஆம் ஆண்டு கேரள அரசு ‘லைஃப்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. லயத்தில் இருப்பவர் இத்தகைய கணக்கில் எங்கே வருவார்? பார்வைக்கு அவருக்குக் கூரை உண்டு. பத்திரத்தில் ஒரு சாண் நிலமும் இல்லை. எதிர்காலத்துக்குத் திட்டமிடுதல் என்றால் இன்று வீடற்றோரை எண்ணுவது மட்டும் போதாது. இன்னும் பத்தாண்டுகளில் வீடற்றுப் போகப் போகிறவர்களையும் எண்ண வேண்டும். இது ஜோதிடமன்று. தோட்டப் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய வயதும் இருக்கிறது. எந்த ஆண்டில் எத்தனை குடும்பங்கள் சாவியை ஒப்படைக்கும் என்று கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

வீடு கொடுத்தால் மட்டும் போதுமா எனில், போதாது. அதற்குச் சின்னக்கானலிலேயே சான்று இருக்கிறது. 2000-க்குப் பின் அங்கே நிலமற்ற ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. 301 குடும்பங்கள் என்பதால் அவ்விடத்துக்கு ‘301 காலனி’ என்றே பெயர் நிலைத்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் கொடுத்த நிலம் யானைகள் காலங்காலமாக நடமாடும் வழியாக இருந்தது. பயிர் நிற்கவில்லை, பல குடும்பங்கள் வெளியேறின. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற காட்டு யானை ஒன்று ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் பெற்றதும், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் அதனை மயக்கிப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுசென்றதும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். யானையை மாற்றியதால் நிலத்தின் இயல்பு மாறிவிடவில்லை.

இடம் பார்க்காமல் அமைந்த குடியிருப்பின் வேறொரு துயரத்தை, தேவிகுளம் வட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் கண்டோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பின்னர் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. சரிவுக்கு முன்பே இடம் ஆராயப்பட்டிருக்க வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

எனவே மலைநாட்டு ஊராட்சி ஒவ்வொரு வீட்டுத் திட்டத்திலும் மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். நிலம் குடியிருப்பவர் பெயரில் இருக்குமா? மழையிலும் விலங்கிடமிருந்தும் அவ்விடத்துக்குக் காப்பு உண்டா? நடந்து செல்லும் தொலைவில் பிழைப்பு உண்டா?

மூன்றாம் வினாவுக்குச் சூரியநெல்லியே ஓரளவு விடை கூறுகிறது. தேனி மாவட்டத்து எல்லையிலுள்ள கொழுக்குமலைக்குச் சூரியோதயம் காணச் செல்வோர் அங்கிருந்துதான் ஜீப்பில் ஏறுகின்றனர். விடியுமுன் வண்டி ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் பலர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளே. கொழுந்து கிள்ளாமலும் ஊரில் வாழ இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஜீப் ஓட்டுபவருக்கு லயத்தில் இடமில்லை. புதிய வேலை பிறக்கும் இடத்தில் புதிய வீட்டுக்கும் வழி பிறக்க வேண்டும். இன்று கொழுந்து கிள்ளவும் ஏலக்காய் பறிக்கவும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். நம் பாட்டனார் வந்ததுபோலவே வந்திருக்கும் அவர்களையும் கணக்கில் சேர்ப்பதே அறம்.

இலங்கை மலையகத்தில் இதே பிரச்சினைக்கு ஒரு வழி கண்டனர். அங்கே அண்மைக் காலத்தில் லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடுகள் எழுந்துள்ளன. 2018-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்ட பின்னரே தோட்டங்களுக்குள் பணி செய்யப் பிரதேச சபைகளுக்குத் தடையின்றி வழி திறந்தது. தோட்டத்து வேலிக்குள் இருப்பவரும் ஊராரே என்று சட்டம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது.

நம் நாட்டில் அத்தகைய வேலி நம் மனத்திலும் இருக்கிறது. கிராம சபைக்குப் போவதுண்டா என்று அந்த அம்மையாரைக் கேட்டேன். “ஒரு நாள் கூலி போகுமே, தம்பி” என்றார். 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் தாமே திரண்டு போராடியதும், அவ்வாண்டிலேயே நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்ததும் நாடறிந்த செய்தி. வீதியில் பேச வல்லவர்கள் சபையில் பேச மாட்டார்களா? ஞாயிற்றுக்கிழமையில், லயத்துக்கு அருகிலேயே சபை கூடட்டும். அறிவிப்பு தமிழிலும் வரட்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. எழுதாதவருக்கு விடை வராது.

நேயர்களே, நீங்கள் எந்த மாநிலத்தில் இருப்பினும் உங்கள் வார்டுக்கும் ஒரு சபை உண்டு. ஒரு பட்டியல் உண்டு. பிழைக்க வந்த ஊர்தானே என்று ஒதுங்கி நிற்பவரின் பெயர் அப்பட்டியலில் ஏறுவதில்லை. உழைத்த ஊரில் ஒரு வீடும், பிள்ளைக்கு விரும்பிய வேலையும் கேட்பது பிச்சையன்று, உரிமை. அந்தத் தாயின் தராசில் மகளுடைய படிப்பும் குடும்பத்தின் கூரையும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கும் நிலை ஒழிய வேண்டும். அதற்கான முதற்படி, அடுத்த கிராம சபையில் நாம் போய் உட்காருவதே.