நான்கு நாள் குடியும் மூளையும்



"திருவிழாவுக்கு நான்கு நாள் குடித்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. ஈரலை எண்ணியே அவர்கள் அப்படிக் கேட்கிறார்கள். நாம் இன்று மூளையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

மூளையின் நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் கிளைவிடவும் சில புரதங்கள் துணை செய்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்பது அவற்றின் பெயர். பயிருக்கு உரம் போன்றவை என்று கொள்ளலாம். அவற்றுள் முக்கியமான ஒன்றைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த செய்தி 1982-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சுண்டெலிகளிடம் கண்டது விசித்திரமானது. அளவோடு மது உட்சென்றதும் மூளையின் ஒரு பகுதியில் இந்தப் புரதம் கூடுகிறது. மேலும் குடிக்கும் நாட்டத்தை அடக்குகிறது. இயற்கை போட்ட கரை என்றே சொல்லலாம். வாரக்கணக்கில் மிகுதியாகக் குடித்தாலோ அக்கரை உடைகிறது.

ஞாபகத்துக்குரிய பகுதியின் கதை வேறு. அங்கே புதிதாகத் தோன்றும் அணுக்கள் இத்தகைய புரதங்களை நம்பியே பிழைக்கின்றன. 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எலிகளுக்கு நான்கே நாட்கள் அளவுமீறி மது புகட்டினர். அவ்வணுக்கள் தோன்றுவதும் குறைந்தது. தோன்றியவை பிழைப்பதும் குறைந்தது.

எலிக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது நியாயமன்று. ஆயினும் மனித மூளை முதிர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகிறது. திருவிழாவில் 16 வயதுப் பையனிடம் கிண்ணத்தை நீட்டுகிறவர் இதை அறியார்.