உத்தியோகத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

(அல்சூரில் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



பையன் பத்தாவது முடிப்பதற்குள் "இன்ஜினீயரிங்தான்" என்று தீர்மானித்து விடும் வீடுகள் நம்மிடையே அதிகம். இதில் மனோதத்துவம் என்ன சொல்கிறது?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஹாலண்ட் 1959-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், ஆட்களை நடத்துதல், கணக்கும் கோப்பும் பராமரித்தல் என்று மனிதரின் நாட்டங்கள் ஆறு வகை, வேலைகளும் அப்படியே. இரண்டும் பொருந்தினால் மனநிறைவு, இல்லாவிட்டால் சலிப்பு என்றார்.

நான் பணியாற்றிய அலுவலகத்தில் கோப்பு எழுதுவதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். பதவி உயர்வு வந்து இருபது பேரை மேய்க்க வேண்டியதானதும் திணறிப் போனார். அவருடைய திறமை குறையவில்லை. வேலையின் வகைதான் மாறிவிட்டது.

நமது பெங்களூரில் பிராமிஸ் ஃபவுண்டேஷனை நிறுவிய டாக்டர் கிதியோன் அருள்மணி இன்னொன்றையும் வலியுறுத்துகிறார். எது நல்ல வேலை என்ற எண்ணத்தைக் குடும்பமும் சமூகமுமே குழந்தையின் மனதில் விதைக்கின்றன. நம் தாத்தாக்களுக்கு சர்க்கார் உத்தியோகம், நமக்கு பேங்க், பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர். அந்தந்தக் காலத்தில் எந்தக் கதவு திறந்திருந்ததோ அதில் நுழைந்தோம். அதையே குலவழக்கமாக்கிப் பேரக்குழந்தைகள் தலையில் கட்டுவது நியாயமா?

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதற்கு முன், மார்க்கோடு இதையும் கேளுங்கள்: "எதைச் செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை?" ஃபீஸ் கட்டுவது நாம். ஆனால் அடுத்த முப்பத்தைந்து வருஷம் காலையில் எழுந்து அந்த வேலைக்குப் போகப்போவது அந்தக் குழந்தை.