ஊதாக் கோட்டினுள் ஒரு வெளிச்சம்



கல்வராயன் மலையின் வெள்ளிமலையில், நிலவில்லா இரவொன்றில் அண்ணாந்து நோக்குவோர், கண்ணிற்படும் விண்மீன்களே வானத்தின் குடிகள் எனக் கருதுவது இயல்பு. குடிகளுள் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. பால்வெளியின் விண்மீன்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று, சூரியனினும் சிறியனவும் குளிர்ந்தனவுமான செந்நிறக் குள்ள விண்மீன்கள். குளிர்ந்தவை என்பது வானியலார் வழக்கு. அவற்றின் மேற்பரப்பும் 2,000 கெல்வினுக்குக் குறையாமல் கொதிப்பதுதான்.

விண்மீனின் ஒளி புறப்படும் பரப்பு ஒளிமண்டலம். அதன்மேல் மெல்லிய போர்வையாகக் கிடப்பது நிறமண்டலம். முழுச் சூரிய கிரகணத்தில் நிலவின் விளிம்பில் சில நொடிகள் சிவந்து தோன்றும் கீற்று அதுவே. ஆதலின் இவ்வாக்கச்சொல் பொருத்தமாகவே அமைந்துள்ளது. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையவேண்டும். சூரியனிலும் மேலே செல்லச்செல்ல வெப்பம் ஏறத்தாழ 4,400 கெல்வின் வரை குறைகிறது. பின்னர் நிறமண்டலத்தில் மீண்டும் ஏறி 10,000 கெல்வினைக் கடக்கிறது. காந்தப்புலமும் அலைகளும் உள்ளிருந்து சுமந்துவரும் ஆற்றலே காரணம் என்பர். கணக்கு இன்னும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

எத்தொலைநோக்கியிலும் பெரும்பாலும் புள்ளியாகவே நிற்கும் விண்மீனின் போர்வையை எவ்வாறு அறிவது? அதன் ஒளியை நிறமாலையாக விரித்தால், ஊதாப் பகுதியில், 3,934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கால்சியத்தின் அகன்ற கருங்கோடு விழும். அக்கருமையின் நடுவே மெல்லிய வெளிச்சம் ஒன்று தோன்றும். கருமை, கீழடுக்கு விழுங்கிய ஒளி. வெளிச்சம், மேலே காய்ந்திருக்கும் நிறமண்டலத்தின் குரல்.

இருளில் எதிர்மலையில் ஓர் ஒளி தெரிந்தால், அது அண்மையிலுள்ள சிமினி விளக்கா, தொலைவிலுள்ள பெட்ரோமாக்ஸா என்று கண் சொல்லாது. விண்மீனிலும் இதே இடர்ப்பாடு. 1957-இல் ஆலின் வில்சனும் வைணு பாப்புவும் 185 விண்மீன்களை ஆராய்ந்து விடை தந்தனர். அவ்வெளிச்சத்தின் அகலம் விண்மீனின் மெய்யான ஒளிவலிமையைக் காட்டும்; பேருருவ விண்மீனுக்கு அகலம், குள்ளனுக்குக் குறுகல். வெளிச்சம் மங்கியதா, மிக்கதா என்பது பொருட்டன்று. பத்து லட்சம் மடங்கு வேறுபடும் விண்மீன்களுக்கும் இவ்விதி பொருந்திற்று. ஒளிவலிமை தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும். வில்சன்–பாப்பு விளைவு என்றே இது பெயர் பெற்றது.

அந்தப் பாப்பு 1927-இல் சென்னையில் பிறந்தவர். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்று, இருண்ட வானம் தேடி, கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால், ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அங்கே 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி நோக்கத் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டு அவர் பெயரே பெற்றது. அதைக் காண அவர் இல்லை. 1982 ஆகஸ்டில், 55 வயதில், மியூனிக் நகரில் மறைந்திருந்தார்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. ஊர்கள் வளர்வது நன்றே. ஆயினும் விளக்கொளி வானில் ஏறினால், முதலில் மறைவன இம்மங்கலான குள்ளர்களே.

இவை அடங்கியவையல்ல. நிறமண்டலத்தில் காந்தப் புயல் எழும்போது கால்சியக் கோட்டின் வெளிச்சமும் ஹைட்ரஜனின் செங்கோடும் திடீரென ஓங்கும். வைகாசி இரவில் கல்வராயனின் தென்வானில், தொடுவானுக்குச் சற்று மேலே ஆல்ஃபா சென்டாரி ஒளிரும். அதனருகே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாமல், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் பிராக்சிமா என்னும் குள்ளன் இருக்கிறது. சூரியனுக்கு மிக அண்மையான விண்மீன் அதுவே. 2016 மார்ச்சில் அதில் எழுந்த பெருஞ்சீற்றம், சில நிமிடங்கள் அதனை ஏறத்தாழ 68 மடங்கு ஒளிரச் செய்து, கூர்ந்த கண்ணுக்கு எட்டும் எல்லைவரை கொணர்ந்தது.