அடுத்த வீட்டுச் சத்தம்

கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தங்கைகளே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! தம்பிகள் முன்னால் வந்து உட்காரலாம். இன்றைய பேச்சு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

"குடும்பத்துக்குள்ள நடக்கிறதை மேடை போட்டுப் பேசலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாடாளுமன்றமே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தது. கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமை தனிக் குற்றம் என்று 498ஏ பிரிவு வந்தது 1983-ல். அந்தக் குற்றத்துக்காக அவன் மேல் வழக்குப் போடலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரி மனைவியும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள்? அதற்குப் பதில் வர இன்னும் 22 வருஷம் ஆனது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26.

நம் ஊரில் அதெல்லாம் கிடையாது என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியா முழுவதற்குமான கணக்கு 29. படிப்பிலும் தொழிலிலும் நாம் முன்னால் நிற்கிறோம் என்று மார் தட்டும் மாநிலம், இதிலும் முன்னால் நிற்கிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. நாடு முழுவதும் அப்படி அடிபட்டவர்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அம்மாவிடம்கூட.

அவர்கள் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியாமலா இருக்கிறது? பக்கத்தில் காவலூர் மலைமேல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. எத்தனையோ ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரத்தை அங்கிருந்து பார்க்கிறோம். நடுவில் ஒரே சுவர் இருக்கும் வீட்டில் பாத்திரம் பறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறோம்.

உடனே ஒரு சமாதானம் வரும். "நல்லவன்தான், குடிச்சாத்தான் கை நீட்டறான்." அய்யா, இதே ஆள் குடித்துவிட்டு டேனரியில் மேஸ்திரியை அடித்திருக்கிறானா? வட்டிக்காரனை அடித்திருக்கிறானா? எவ்வளவு போதையிலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று தெளிவாகத் தெரிகிறதே! குடி அவன் கையைத் தூக்கிவிடலாம். யார் மேல் இறக்குவது என்று முடிவு செய்வது அவன்தான்.

அடி மட்டும்தான் வன்முறை என்றும் அந்த 2005 சட்டம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் தங்கைகளைக் கேட்கிறேன். ஏழு மணிக்கு பஸ் பிடித்து, லைனில் உட்கார்ந்து, டார்கெட் முடித்து, மேல்தோல் தைத்துத் தைத்து விரல் நுனி காய்த்துப்போகிறது. சம்பளம் பேங்கில் விழுகிறது. விழுந்த மெசேஜ் யார் போனுக்குப் போகிறது? ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? உங்கள் சம்பளத்திலிருந்து தலைவலி மாத்திரைக்கு இருபது ரூபாய் கணவரிடம் கேட்டு வாங்கும் நிலை என்றால், அதற்குச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்று பெயர். ஊர் கேட்கத் திட்டுவது, சந்தேகப்பட்டுப் போனைப் பிடுங்குவது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே நிறுத்துவது, எல்லாம் அதற்குள் அடக்கம். மனைவிக்கு மட்டுமான சட்டம் என்றும் நினைக்காதீர்கள். மகனிடம் அடிவாங்கும் தாயும், அண்ணன் வீட்டில் அவமானப்படும் தங்கையும், கணவனை இழந்து மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்படுபவரும் இதே கதவைத் தட்டலாம். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்ற கேள்வியே அங்கே கிடையாது.

விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. இதைப் பலர் நம்புவதே இல்லை. "அடிக்காதே, பக்கத்தில் வராதே" என்று மட்டும் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, கிளம்பு என்று மிரட்டுகிறார்களா? சேர்ந்து குடும்பம் நடத்திய வீட்டில் மருமகளுக்கு இருக்க உரிமை உண்டு, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அது இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். வக்கீலுக்குப் பணம்? பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் காயத்தோடு போகிறோம். டாக்டர் கேட்கிறார், "எப்படிம்மா ஆச்சு?" பக்கத்திலேயே அடித்த கணவர் நிற்கிறார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். ஏ.ஆர். காப்பி என்கிறோமே, அதுதான். ஒரு வருஷம் கழித்துக் கோர்ட்டில் அந்தக் காகிதம்தான் உங்களுக்கு எதிராகப் பேசும். நர்ஸிடம், "இவரை வெளியே அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொல்லி எழுத வையுங்கள். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். காகிதத்தில் உண்மை இருக்கட்டும்.

உண்மை வெளியே வராததன் விலை என்ன என்று சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைக் கேட்டால் தெரியும். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி அனுமதிக்கப்படுகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டுக் கொடுமையால் வந்தவர்கள். 2001-ல் சென்னையில் தொடங்கிய பி.சி.வி.சி. என்ற அமைப்பு அந்தப் பெண்களோடு வேலை செய்கிறது. அவர்களில் சிலர் பயிற்சி பெற்று ரைட்டர்ஸ் கஃபே என்ற உணவகத்தில் சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள். நெருப்பில் கருகியவர்கள் மறுபடி அடுப்பு முன் நிற்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு முன்னால் என் மேடைப்பேச்சு எம்மாத்திரம்!

கிளம்பத் தீர்மானித்தவர்களுக்கு ஒன்று. "போகப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். கை விட்டுப் போகிறாள் என்று தெரியும் நேரத்தில்தான் உயிருக்கு ஆபத்து அதிகம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றின் ஜெராக்ஸை நம்பிக்கையான தோழி வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். பகலில் என்றால் டவுன் பஸ் ஏறி வாணியம்பாடி போய்விடலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. கையில் பைசா இல்லாதவளும் மகளிர் காவல் நிலையம் வரை போக முடியும். நடுராத்திரி என்றால் 181-ஐ அழையுங்கள். பெண்களுக்கான அரசு உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்க இடம், மருத்துவம், போலீஸ், வக்கீல் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு உண்டு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உங்கள் மனுவை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பது அவர் வேலை. தயங்காமல் வேலை வாங்குங்கள்.

இப்போது ஊர்ப் பெரியவர்களிடம் வருகிறேன். கோபப்படாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்மா, பொறுத்துக்கினு போ, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று அடிபட்டு வந்தவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வைக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கதவு சாத்தியதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "ஊரைக் கூட்டி என் மானத்தையா வாங்குன?" அன்றைக்கு விழும் அடி முன்னெப்போதும் விழாத அடி. பஞ்சாயத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் அவளைத் தனியாக உட்கார வைத்து, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அனுப்பாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் சொல்வது, "நமக்கு எதுக்குக்கா வம்பு, நாளைக்கு அவங்க சேர்ந்துக்குவாங்க." சேர்ந்துகொள்ளட்டும். வன்முறை நடந்தது, நடக்கப்போகிறது என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்கிறது அந்த 2005 சட்டத்தின் நான்காம் பிரிவு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. போன் செய்ய நேரமில்லையா? கதவைத் தட்டி, "ஒரு கப் சர்க்கரை இருக்குமா?" என்று கேளுங்கள். ஓங்கிய கை அந்த நிமிஷத்துக்காவது இறங்கும்.

கடைசியாக, தோல் கம்பெனி முதலாளிமார்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்து ஷூ, கப்பல் ஏறி ஐரோப்பா போவது எங்கள் பெண்கள் கையால். அவர்களுக்காக நீங்கள் ஒரு காகிதம் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் போர்டில் வேண்டாம், அங்கே நின்று படித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். தமிழிலும் உருதுவிலும் பெரிய எழுத்தில் 181 என்று போடுங்கள். கிழித்து எடுத்துப்போனால் திட்டாதீர்கள், புதிதாக ஒன்றை ஒட்டுங்கள். நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.