அனுமதிக் கடிதத்தில் அவள் இல்லை



திருவரங்கத்தில் நின்று பேசுகிறேன். கிழக்கே நிற்கிற வெள்ளைக் கோபுரத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். டில்லிப் படை வந்தபோது, தளபதியை மயக்கிக் கோபுரத்தின் மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்துச் செத்தாள் வெள்ளையம்மாள். கோயிலில் ஆடிய தாசி. செத்தவளுக்குக் கோபுரம் கொடுத்த ஊர் இது. திருவிழா மேடையில் விடிய விடிய ஆடிவிட்டு, திருச்சி பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாளே, உயிரோடு இருக்கிறவள், அவளுக்கு என்ன கொடுத்தோம்?

போன பங்குனியில் ஒரு கரகாட்டக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். புள்ளி புள்ளியாகக் காயம். அம்மைத் தழும்பு என்று நினைத்தேன். ஊக்குக் குத்து! அன்பளிப்பைக் கையில் கொடுத்தால் கௌரவக் குறைச்சலாம், ரவிக்கையில்தான் குத்துவார்களாம். "பாத்துக் குத்துங்கண்ணேன்னு சொன்னா, மைக்ல சொல்லிச் சிரிக்கிறாங்கக்கா" என்றாள். உடை மாற்றியது டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால். சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே!

ஆடலும் பாடலும் நடத்த ஒவ்வொரு திருவிழாவிலும் மனுப் போடுகிறோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போகிறது. அனுமதி வருகிறது, நிபந்தனையோடு. ஆபாச உடை கூடாது. இரட்டை அர்த்தப் பாட்டுக் கூடாது. சாதியைத் தூண்டக் கூடாது. சரி, இருக்கட்டும். அவள் பாவாடை எதுவரை இறங்க வேண்டும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு, அவள் கூலி எவ்வளவு, ராத்திரி எப்படி வீடு போவாள் என்ற கவலை ஏன் வரவில்லை?

"ஒரேயடியாகத் தடை போடுங்கள்" என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்தே சொல்கிறார். ஐயா, மும்பையில் போட்டுப் பார்த்தார்கள். 2005-இல் மகாராஷ்டிர அரசு பார் நடனத்தைத் தடை செய்தது. நட்சத்திர ஓட்டலுக்கு மட்டும் விலக்கு! பணக்காரன் பார்த்தால் கலை, குமாஸ்தா பார்த்தால் ஆபாசம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 75,000-க்கு மேற்பட்ட பெண்கள் வேலையிழந்ததையும், வேறு வழியில்லாமல் பலர் உடலை விற்க நேர்ந்ததையும் தீர்ப்பிலேயே எழுதியது. ஒழுக்கத்தைக் காப்பாற்றிய லட்சணம் அது.

நான் தடை கேட்கவில்லை. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த மனுவில் நாலு வரி கூட எழுதுங்கள். கூலி இவ்வளவு, ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி கையில். தாழ்ப்பாள் உள்ள அறை, பக்கத்திலேயே கழிப்பறை. ஆட்டம் முடிந்தால் வீடு சேர்க்க வண்டி. வேலையிடத்தில் சீண்டினால் புகார் வாங்க மாவட்டந்தோறும் குழு வேண்டும் என்று 2013-இலேயே சட்டம் வந்தாயிற்று. அந்தக் குழுவின் விலாசத்தை மேடைத் தட்டியில், நன்கொடையாளர் பெயருக்கு மேலே எழுதுங்கள்.

அன்பளிப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு மேடையோரம் ஒரு தாம்பாளம் வையுங்கள். ஊக்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.